மெரினா கிரிக்கெட் முதல் இரவு கபடி வரை: விளையாட்டுப் படங்களுக்கு கேமராவை செட் செய்வது எப்படி?

புதிதாக கேமரா வாங்கியவர்கள் மைதானத்துக்குப் போனதும் டயலை ஆட்டோவில் வைப்பார்கள், இல்லாவிட்டால் ஓடும் மனிதன் படம் போட்ட ஸ்போர்ட்ஸ் மோடில். உச்சிவெயிலில் இரண்டும் ஓரளவு கைகொடுக்கும். சாயங்காலம் ஐந்தரை மணியானால் காலை வாரிவிடும். அதனால் டயலை 'எம்'முக்குத் திருப்பிவிடுங்கள். மேனுவல் என்றதும் மிரள வேண்டாம். ஷட்டர் ஸ்பீடை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தை, முதலில் முடிவு செய்துவிட்டால், மற்றதெல்லாம் அதற்கு வளைந்து கொடுக்கும்.

முதலில் ஷட்டர் ஸ்பீடு

ஒரு கணக்குப் போடலாம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து ஒரு நொடிக்குச் சுமார் 36 மீட்டர் போகும். 1/500, அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வைத்து எடுத்தால், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் பந்து 7 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பந்தின் குறுக்களவே ஏறக்குறைய அவ்வளவுதான். படத்தில் பந்துக்குப் பதில் ஒரு சிவப்புத் தீற்றல் விழும். 1/2000 வைத்தால் நகர்வு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு.

எனவே மட்டையில் பந்து படும் நொடி வேண்டுமென்றால் 1/2000. கால்பந்து, ஹாக்கிக்கு 1/1000. கபடிக்கு 1/800 பெரும்பாலும் போதும். ரைடர் எகிறிக் குதிக்கும்போது மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் குழந்தைகளுக்கு 1/640 தாராளம். என்னைக் கேட்டால், மட்டையின் நுனி லேசாகக் கலங்கியிருப்பதுதான் அழகு. எல்லாமே உறைந்து நின்றால் ஆள் ஆடுகிறாரா, போஸ் கொடுக்கிறாரா என்றே தெரியாது.

அடுத்து அபர்ச்சர்

அபர்ச்சர் என்பது லென்ஸ் திறக்கும் அளவு. அதை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சின்னதானால் திறப்பு பெரிது. இருப்பதிலேயே சின்ன எண்ணை வையுங்கள், அவ்வளவுதான். 70-300 மி.மீ. மாதிரியான சாதாரண ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், விலையும் அதற்கேற்ப எகிறும். பகல் ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. இரவுப் போட்டி என்றால் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பிறகு ஐஎஸ்ஓ

வெளிச்சத்தை கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்பதன் அளவுதான் ஐஎஸ்ஓ. அதை ஆட்டோ ஐஎஸ்ஓவில் விட்டுவிட்டு, மெனுவில் மேல் வரம்பை 6400 என்று வையுங்கள். நல்ல வெயிலில் எஃப் 5.6, 1/1600 என்றால் ஐஎஸ்ஓ 200 பக்கத்தில் நிற்கும். வெயில் இறங்க இறங்க அது 800, 1600, 3200 என்று தானாக ஏறும். ஏறட்டும். புள்ளி புள்ளியாக வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் தேற்றிவிடலாம். கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது.

கேமரா ஏமாறும் இடங்கள்

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்ப்பது கேமராவின் குணம். மெரினாவில் வெளுத்த மணல், பின்னால் மின்னும் கடல், வெள்ளைச் சட்டை என எல்லாம் சேர்ந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். நம் ஊர் முகங்கள் கரிக்கட்டையாகத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +0.7 அல்லது +1 ஆக்குங்கள். இரவில் இதற்கு நேர்மாறு: ஆடுகளத்தைச் சுற்றி ஒரே இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, ஜெர்சி எண்ணையே வெளுக்க வைத்துவிடும். அங்கே -0.7. ஆரம்பநிலை கேமராக்கள் சிலவற்றில், மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டால் இந்த வசதி வேலை செய்யாது. அப்படியானால் ஷட்டரை மட்டும் நீங்கள் வைத்து, அபர்ச்சரை கேமராவிடம் விடும் ஷட்டர் பிரயாரிட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் எக்ஸ்போஷர்தான். மெரினாவில் சூரியன் கடல் பக்கம் உதித்து ஊர்ப் பக்கம் இறங்கும். ஆகவே காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மாலையில் காமராஜர் சாலைக்கு முதுகு. வெளிச்சம் ஆட்டக்காரர் முகத்தில் நேராக விழும், ஐஎஸ்ஓவும் மிச்சம். லென்ஸை மட்டும் அங்கே கழற்றி மாட்டாதீர்கள். உப்புக் காற்றும் மணலும் உள்ளே போனால் சர்வீஸ் செலவு பழுத்துவிடும்.

விளக்கு வெளிச்சத்தில்

தெருமுனைக் கபடிப் போட்டியில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் நான்கு மஞ்சளாக, மூன்று இருட்டாக வரலாம். கேமரா கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/1000 ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும்தான் பிடிக்கிறது. மெனுவில் இந்த விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 1/640க்கு இறங்கி, பர்ஸ்ட் மோடில் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளி நல்லதைப் பொறுக்குங்கள். படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒன்றில் நிறுத்துங்கள். இந்தத் துடிப்பைத் தவிர விளக்கின் மொத்த வெளிச்சம் ஆட்டம் முழுக்க மாறப்போவதில்லை என்பதால் ஐஎஸ்ஓவையும் 6400 என்று பூட்டிவிடலாம்.

இடைவேளையில் சரிபாருங்கள்

பின்திரையில் முகத்தைப் பெரிதாக்குங்கள். முகம் தெளிவாக இருந்து கை கால் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டரை ஒரு படி கூட்டுங்கள். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது உங்கள் கை நடுக்கம், ஒற்றைக்கால் ஸ்டாண்டான மோனோபாட் உதவும். ஆட்டக்காரர் மங்கலாக, அவருக்குப் பின்னால் உள்ள சுண்டல் வண்டி பளிச்சென்று இருந்தால் ஷட்டரைத் தொடாதீர்கள், தப்பு ஃபோகஸில். நகரும் ஆளை விடாமல் துரத்தும் ஃபோகஸ் மோடு வேண்டும்: கேனான் என்றால் சர்வோ, நிக்கான், சோனி என்றால் ஏஎஃப்-சி. அதற்கு மாற்றிவிட்டு அடுத்த பாதி ஆட்டத்தை எடுங்கள்.