ஊருக்குப் போறனீங்கள், ஒரு காலமையைக் காட்டுக்கும் ஒதுக்குங்கோ

ஜூலை, ஆகஸ்ட்ல ஊருக்குப் போற எங்கட ஆக்களுக்கு லிஸ்ட் பெரும்பாலும் ஒண்டுதான்: நல்லூர், சொந்தக்காரர் வீடுகள், ரெண்டு கலியாணம், கசூரினா பீச், பிறகு பிளைட். திரும்பி வரேக்க போனதை விடக் களைப்பு. அதுக்குள்ள ஒரு காலமை காட்டுக்குளியல் செய்து பாருங்கோ. 1982ல ஜப்பான் அரசாங்கம் தொடக்கி வைச்ச விசயம் இது. ஹைக்கிங் இல்லை, மரங்களுக்கு நடுவில ஆறுதலா நடந்து, எங்கயாவது இருந்து, சத்தம் கேட்டு, மணம் பிடிச்சு, ரெண்டு மணித்தியாலம் சும்மா இருக்கிறதுதான். மன அழுத்தமும் பிரஷரும் கொஞ்சம் இறங்குது எண்டு அங்க ஆராய்ச்சி செய்தவை சொல்லுகினம். அதுக்காகக் குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ.

ஆனா பாதையை விட்டு மனம் போன பக்கம் நடக்கிற வேலை வன்னியில வேண்டாம். மிதிவெடி இன்னும் முழுசா எடுத்து முடியேல்லை, முகமாலைப் பக்கமெல்லாம் வருசக்கணக்கா எடுத்துக்கொண்டிருந்தவை. மண்டையோடு போட்ட சிவப்பு போர்ட் கண்டா அந்தப் பக்கமே போகாதேங்கோ, போர்ட் இல்லையெண்டாலும் ஆக்கள் நடந்து பழகாத இடத்துக்குள்ள ஒண்டுக்குப் போகக்கூட இறங்கக்கூடாது. மற்றது யானை. ஈரம் காயாத லத்தி, புதுசா முறிச்ச கொப்பு கண்டா திரும்பி வாங்கோ, எந்த இடமெண்டாலும் பொழுதுபட முன்னம் வெளிய வந்திடோணும். அந்த ஊர் ஆள் ஒராளைக் கூட்டிக்கொண்டு போறது கூகுள் மேப்பை விட நல்லது.

வடக்கில எனக்குப் பிடிச்ச இடம் மடு, மாதா கோயில் இருக்கிற இடம். மடுச்சந்தியில இருந்து உள்ளுக்குப் போக ரெண்டு பக்கமும் காடு, கோயில் வளவுக்குள்ளயும் நல்ல நிழல், மிதிவெடிப் பயம் இல்லாமல் மரத்துக்குக் கீழ பாய் போட்டு இருக்கலாம். ஜூலை 2, ஆகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டின நாளுகளில போகாதேங்கோ, சனம் நெருக்கும். சாதாரண கிழமை நாளில விடிய ஆறு மணிக்கு அங்க நிக்கிற மாதிரி வெளிக்கிடுங்கோ, பத்து மணிக்குப் பிறகு வெயிலில ஒரு குளியலும் இல்லை, அவியல்தான். கோயில் எண்டபடியா உடுப்பு ஒழுங்கா இருக்கட்டும்.

வில்பத்து தேசியப் பூங்காவை இதுக்கு நம்பிப் போகாதேங்கோ. மிருகம் பாக்க நல்லம்தான், ஆனா ஜீப்பால இறங்க விடமாட்டினம், டீசல் மணத்துக்குள்ள என்ன காட்டுக்குளியல்.

பெரிய பிரச்சினை யானை இல்லை, சொந்தக்காரர்தான். காட்டுக்குப் போறம் எண்டு சொன்னா வான் நிறைய ஏறி, ஸ்பீக்கரும் பாட்டும் கோழிக்கறியுமா வருவினம். நாலு பேருக்கு மேல வேண்டாம் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ, கோவிச்சா பின்னேரம் வீட்டை போய்ச் சமாளிக்கலாம். போனைப் பிளைட் மோட்ல போட்டு ஒராளின்ர போனை மட்டும் அவசரத்துக்கு விடுங்கோ. தண்ணி, அதில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கெட், முழுக்கை சேர்ட், நுளம்புக்குப் பூசுற கிரீம் கட்டாயம். டெங்கு நுளம்பு பகலிலதான் கடிக்கும்.

கண்டிக்குப் போறவைக்கு உடவத்தகெலே இருக்கு, தலதா மாளிகைக்குப் பின்னால, முந்தி ராசாக்களின்ர காடு, தனியவே நடக்கலாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட் கூட, இலங்கை அடையாள அட்டை இருந்தா கொண்டு போங்கோ. மழை பெய்தா அட்டைப்பூச்சி கடிக்கும். பிடிச்சு இழுக்காமல் நகத்தால பக்கவாட்டில தள்ளி விடுங்கோ, ரத்தம் கொஞ்ச நேரம் வழிஞ்சு தானா நிக்கும்.