சி.இ.டி.-4 வாசிப்புப் பகுதி: சீன மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனப் பல்கலைக்கழக மாணவர்கள் ஜூனிலும் டிசம்பரிலும் எழுதும் ஆங்கிலத் தேர்வு சி.இ.டி. (காலேஜ் இங்கிலீஷ் டெஸ்ட்). 1987இல் தொடங்கிய தேர்வு இது. 4ஆம் நிலைக்கு மொத்தம் 710 மதிப்பெண். அதில் 35 சதவீதம் வாசிப்புக்கு. நேரம் 40 நிமிடம். தேர்ச்சி மதிப்பெண் என்று அதிகாரபூர்வமாக எதுவும் கிடையாது. ஆனால் அடுத்த நிலையான 6ஆம் நிலை எழுத 425 வேண்டும் என்பதால் எல்லோரும் அதையே எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் வாசிப்பில் தடுமாறினால், உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: இன்னும் நிறையச் சொற்களை மனப்பாடம் செய். மாணவரும் கைபேசிச் செயலியில் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருப்பார். சொல் தெரியாததால் போகும் மதிப்பெண்ணும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நேரம் பிரிக்கத் தெரியாமலும், வாக்கியத்தின் கட்டமைப்பு பிடிபடாமலும், விடைத் தெரிவுகளில் வைத்திருக்கும் பொறி தெரியாமலும் போவது அதைவிடக் குறைவில்லை. எதனால் போகிறது என்று பார்க்காமல் பயிற்சியைக் கூட்டுவதுதான் முதல் தவறு.

சீன மாணவர்கள் இதை 'ஷுவா தி' என்பார்கள்: பழைய வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தள்ளுவது. விடைக்குறிப்பைப் பார்ப்பது, தவறுகளை எண்ணுவது, அடுத்த தாளுக்குப் போவது. இப்படி இருபது தாள் போட்டாலும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கும். அசல் வினாத்தாள்கள் எண்ணிக்கையில் குறைவு. வீணடித்தால் பிறகு மாதிரித் தாள்கள்தான் மிஞ்சும். மாதிரித் தாள்களில் விடைகளின் தர்க்கம் பல நேரம் அசலோடு ஒத்துப்போகாது. ஆகவே ஒரு தாளை இரண்டு முறை செய்ய வையுங்கள். முதல் முறை கடிகாரம் வைத்து, நீல மையில். விடைக்குறிப்பைக் காட்டாமல், அதே தாளை மறுநாள் நேரக் கட்டுப்பாடு இல்லாமல், சிவப்பு மையில். அதன்பின் திருத்துங்கள். நீலத்தில் தவறி சிவப்பில் சரியானவை நேரத்தால் போனவை. இரண்டிலும் தவறானவற்றுக்கு அகராதியைக் கொடுத்து மூன்றாவது முறை கேளுங்கள். இப்போது சரியானால் அது சொல் குறை. அகராதி இருந்தும் தவறினால் வாக்கியமோ தர்க்கமோ புரியவில்லை என்று பொருள். நான்கைந்து தாள்களுக்குள் எது பெரிய ஓட்டை என்று தெரிந்துவிடும்.

நேரத்தை வினாத்தாளின் வரிசைப்படி செலவிடுவது

வாசிப்பில் மூன்று பகுதிகள். ஏ: ஒரு பத்தியில் 10 இடங்களை, கொடுத்துள்ள 15 சொற்களிலிருந்து நிரப்புவது, 5 சதவீதம். பி: நீண்ட கட்டுரை ஒன்றும் 10 கூற்றுகளும், எந்தக் கூற்று எந்தப் பத்தியில் என்று பொருத்துவது, 10 சதவீதம். சி: இரண்டு சிறு கட்டுரைகள், தலா 5 கேள்விகள்; 20 சதவீதம். 710க்குக் கணக்குப் போட்டால் சி பகுதியில் ஒரு கேள்வி சுமார் 14.2, பி பகுதியில் 7.1, ஏ பகுதியில் ஒரு கோடிட்ட இடம் வெறும் 3.55. ஏ-தான் முதலில் அச்சாகியிருக்கிறது, அதுவே அதிகம் குழப்புவதும். மாணவர் அங்கே 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, சி-யின் இரண்டாவது கட்டுரையைப் படிக்காமலே குறி போடுவார்.

முதலில் சி, 20 நிமிடம். பிறகு பி, 13 நிமிடம். மீதி 7 நிமிடத்தில் ஏ. விடைத்தாளில் கட்டம் நிரப்பும் நேரமும் இதற்குள்ளேயே. கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விடவே கூடாது. இன்னொன்று: கேட்டல் பகுதி முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள், ஆனால் வாசிப்பு முடிந்ததும் யாரும் வந்து தாளை வாங்குவதில்லை. அடுத்து வரும் மொழிபெயர்ப்பும் அதே இரண்டாம் விடைத்தாளில்தான். அதனால் வாசிப்பில் எடுக்கும் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் 15 சதவீத மதிப்புள்ள மொழிபெயர்ப்பிலிருந்து சத்தமில்லாமல் கழியும்.

ஒவ்வொரு வரியையும் சீனத்தில் பெயர்க்கச் சொல்வது

பாடத்தில் இதுதான் எளிது, அதனால்தான் இவ்வளவு பரவலாக நடக்கிறது. பெயர்க்கும் மாணவர் வாக்கியத்தின் கடைசிக்குப் போய், பின்னாலிருந்து முன்னால் வந்து, மறுபடி கடைசிக்குப் போவார். காரணம் சீன வாக்கிய அமைப்பு. ஒரு பெயர்ச்சொல்லை விளக்கும் தொடர் முழுவதும் சீனத்தில் அந்தப் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'த பாலிசி தட் த கவுன்சில் அடாப்டட் லாஸ்ட் இயர் ஹேஸ் ஃபெயில்ட்.' அவசரத்தில் படிக்கும் மாணவர் தோற்றது கவுன்சில் என்று எடுத்துக்கொள்வார். வினைக்கு அருகில் இருப்பது அதுதானே. தோற்றது கொள்கை. 'மன்றம் சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்ட கொள்கை' என்று தமிழிலும் விளக்கம் முன்னால்தான் வருகிறது. ஆகவே இந்தத் தடுமாற்றம் தமிழ் பேசும் ஆசிரியருக்குச் சட்டென்று புரியும்.

பெயர்க்கச் சொல்வதற்குப் பதில் மூன்று வேலை கொடுங்கள். காலம் காட்டும் வினைகளுக்கெல்லாம் அடிக்கோடு. 'தட்', 'விச்', 'ஹூ' தொடங்கும் இடத்திலிருந்து அந்தத் தொடர் முடியும் இடம்வரை அடைப்புக்குறி. அடைப்புக்கு வெளியே மிஞ்சும் வினைக்கு யார், எது எழுவாய் என்று ஒரு கேள்வி. நாளுக்கு ஐந்து நீண்ட வாக்கியங்கள் போதும். இரண்டு மூன்று வாரத்தில் பென்சில் இல்லாமலே கண் அதைச் செய்யத் தொடங்கும்.

தமிழ் பேசும் ஆசிரியர் கவனிக்கத் தவறும் இடம் வேறு. நடக்காத ஒன்றைச் சொல்லும்போது 'வந்திருந்தால் முடிந்திருக்கும்' என்று நம் வினையே காட்டிக்கொடுத்துவிடும். சீன வினை காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை; நடக்காததற்கென்று தனி வடிவமும் இல்லை. சூழலும் துணைச்சொற்களும்தான் உணர்த்த வேண்டும். அதனால் 'வுட் ஹேவ் சேவ்ட்' என்பதை 'காப்பாற்றியது' என்றே மாணவர் படித்துவிடுவார், சி பகுதியில் நேர் எதிரான விடையைத் தேர்வார். 'ஃபியூ', 'எ ஃபியூ' வேறுபாடும் இப்படித்தான். சீனத்தில் அந்த 'எ' போன்ற சுட்டு இல்லை, எனவே கண் அதைத் தாண்டிப் போகும். 'அனேகமாக யாருமில்லை' என்பது 'சிலர்' ஆகிவிடும். 'ஹார்ட்லி', 'நாட் ஆல்' ஆகியவற்றையும் சேர்த்து ஒரு சிறு பட்டியல் வைத்து, கட்டுரையில் வரும்போதெல்லாம் வட்டமிடச் செய்யுங்கள்.

ஆள், இடப் பெயர்களில் நேரம் போவது சின்ன விஷயம், ஆனால் தினமும் நடக்கும். சீன எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. நம் எழுத்திலும் கிடையாது, ஆனால் நமக்கு ஆங்கிலம் சிறு வயதிலேயே பழகிவிடுகிறது. வாக்கிய நடுவே ஒரு சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் அத்தகைய பெயர்தான். முதல் எழுத்தை மட்டும் நினைவில் வைத்து நகர்ந்துவிட வேண்டும்.

விடைக்கு ஆதார வரி கேட்காமல் விடுவது

சி பகுதியில் விடை சரியா தவறா என்பதைவிட, எந்த வரியிலிருந்து வந்தது என்று கேட்பதே பயன் தரும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் பத்தி எண்ணும் வாக்கிய எண்ணும் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அது ஊகம். சரியாக அமைந்திருந்தாலும் தவறாகவே கணக்கில் வையுங்கள். கேள்விகள் பெரும்பாலும் கட்டுரையின் வரிசையிலேயே வரும், ஆதாரம் தேட அது உதவும். தெரிவுகளைக் கையால் மூடிவிட்டு, கேள்விக்குச் சொந்தச் சொற்களில் ஒரு வரி பதில் சொல்லவைத்துப் பிறகு திறந்து காட்டுவதும் நல்ல பழக்கம். பொறிகள் சில வகைகளில்தான் அடங்கும்: உலகில் உண்மை, ஆனால் கட்டுரையில் இல்லாதது; பாதி மட்டும் சரியானது; காரணமும் விளைவும் இடம் மாறியது; 'சில' என்பதை 'எல்லாம்' ஆக்கியது. கட்டுரையின் சொல் அப்படியே தெரிவில் இருந்தால் மாணவர் மகிழ்வார். அங்கேதான் ஐயப்பட வேண்டும். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் வரும்: கட்டுரையில் 'ஃபியூ கேன் அஃபோர்ட் இட்' என்றால் தெரிவில் 'டூ காஸ்ட்லி ஃபார் மோஸ்ட்'. இத்தகைய இணைகளை இடப்பக்கம் கட்டுரை, வலப்பக்கம் தெரிவு என்று குறிப்பேட்டில் சேர்ப்பது சொற்பட்டியலைவிட அதிகம் கொடுக்கும்.

பி பகுதிக்குக் கட்டுரையை முதலில் படிக்கக்கூடாது. பத்துக் கூற்றுகளையும் படித்து, எண், பெயர், அரிய பெயர்ச்சொல் ஆகியவற்றுக்கு அடிக்கோடிட்டு, பிறகு கட்டுரையை ஒரே முறை மேலிருந்து கீழே. கூற்றுகள் கட்டுரையின் வரிசையில் இருக்காது. ஒரே பத்திக்கு இரண்டு கூற்று வரலாம், சில பத்திகளுக்கு ஒன்றுமே வராது. ஆகவே 'இந்தப் பத்தி முடிந்தது' என்று அடித்துவிடச் சொல்லாதீர்கள்.

ஏ பகுதியில் பொருளைப் பார்த்து நிரப்புவதே வழக்கமான பிழை. சொல் வடிவம் மாறாத மொழியிலிருந்து வருபவருக்கு 'ஈடி', 'ஐஎன்ஜி' விகுதிகள் அலங்காரமாகத் தெரியும். முதல் ஒரு நிமிடத்தில் 15 சொற்களையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரித்து, வினைகளுக்குப் பக்கத்தில் அவற்றின் வடிவத்தையும் குறிக்க வேண்டும். பெயராகவும் வினையாகவும் வருவனவற்றுக்கு இரண்டு குறி. பிறகு கோடிட்ட இடத்துக்கு எந்த வகை வேண்டும் என்று தீர்மானித்த பின்னரே பொருள். 'த' என்பதற்கும் 'ஆஃப்' என்பதற்கும் நடுவே ஒரே ஒரு இடம் என்றால் அங்கே பெயர்ச்சொல்தான். தேட வேண்டியது பதினைந்தல்ல, நான்கைந்து சொற்களுக்குள். ஒரு சொல்லை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், ஐயமுள்ள இடங்களை விட்டுவிட்டு உறுதியானவற்றை முதலில் நிரப்பி அடிக்க வேண்டும். ஏழு நிமிடம் முடிந்தால், மீதியில் வகை பொருந்தும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு மொழிபெயர்ப்புக்குப் போய்விட வேண்டும்.