கிழிந்த லோஞ்சியைத் தையல் மெஷினில் சரிசெய்வது

பர்மாவில் கைலிபோல இடுப்பில் கட்டும் லோஞ்சி கிழிவது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: பக்கத் தையல், முடிச்சு விழும் முன்பக்கம், காலில் உரசும் கீழ்விளிம்பு. பெண்கள் கட்டும் தமெயினில் இடுப்புக் கறுப்புப் பட்டியும் சேரும். எந்த இடமானாலும் மெஷினில் உட்காருவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அறுந்தது நூலா, துணியா?

நூல் அறுந்திருந்தால் பத்து நிமிட வேலை. துணி அறுந்திருந்தால், பல சமயம் போன தடவை போட்ட தையல்தான் காரணம். நைந்த பருத்தியில் பாலியெஸ்டர் நூலைப் போட்டு நெருக்கமாக ஓட்டினால், இழுபடும்போது நூல் விட்டுக்கொடுக்காது, துணியை அறுத்துவிடும். அதனால் பருத்திக்குப் பருத்தி நூலே போடுங்கள், 50ஆம் நம்பர் போதும். ஊசி சாதாரண லோஞ்சிக்கு 14, மெல்லிய துணிக்கு 11. இன்ச்சுக்கு 10 தையல், நைந்த துணி என்றால் 8. அதற்குமேல் நெருக்கினால் ஊசித் துளைகளே தபால்தலை ஓரம்போல வரிசை கட்டி, அந்தக் கோட்டிலேயே துணி பிரியும்.

பக்கத் தையல் விட்டிருந்தால் பழைய நூலை முழுதும் உருவிவிட்டு, இரு முனையிலும் நல்ல தையல்மேல் 2 இன்ச் ஏறுமாறு புதுத் தையல் போடுங்கள். ஓரத்துணியே கிழிந்திருந்தால் தையலை அரை இன்ச் உள்ளே தள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 1 இன்ச் குறையும். சுமார் 2 மீட்டர் சுற்றுள்ள துணியில் 4 இன்ச் வரை குறைந்தாலும் கட்டும்போது தெரியாது.

கட்டம் போட்ட லோஞ்சியில் பலர் தவறுவது இங்கேதான். மெஷின் பல் அடித்துணியை இழுக்கும், மேல்துணி பாதத்தின் அடியில் தேங்கும். தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய கட்டங்கள் முடிவில் கால் இன்ச் விலகி நிற்கும். 6 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி குத்தி, கையால் இழையோட்டிக்கொண்டு பிறகு ஓட்டுங்கள். கையால் துணியை முன்னே இழுக்க வேண்டாம், ஊசி வளைந்து தையல் தாவும்.

முன்பக்க ஓட்டைக்கு ஒட்டுத்துணியை உள்ளிருந்து போடுவதே நல்லது. அதே அளவு பழகிய, மென்மையான துணியில் ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 1 இன்ச் பெரிதாக வெட்டுங்கள். புதுத்துணி என்றால் முதலில் துவைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே ஒட்டு சுருங்கி, சுற்றிலும் துணியை இழுத்துச் சுருக்கும். ஒட்டின் நெசவு லோஞ்சியின் நெசவோடு ஒரே போக்கில் இருக்கட்டும். மூலைகளை வளைத்து வெட்டுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் பிரியும். இழையோட்டி, ஒட்டின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு லோஞ்சியை வெளிப்பக்கம் திருப்பி, கிழிசலின்மேல் கால் இன்ச்சுக்கும் குறைந்த இடைவெளியில் போகவும் வரவுமாகக் கோடுகள் போடுங்கள். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் முடியக்கூடாது, ஒன்று நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் நிற்க வேண்டும். இழுப்பு அப்போதுதான் ஒரே கோட்டில் விழாது.

கீழ்விளிம்பு தேய்ந்த ஆண்கள் லோஞ்சிக்கு ஒட்டே தேவையில்லை. கட்டத்துக்கு மேல் கீழ் கிடையாது. தேய்ந்த பக்கத்தை மேலே திருப்பி, நைந்த நூலை வெட்டி, மெல்லிசாக இருமடி மடித்து ஓட்டிவிடுங்கள். இடுப்பில் செருகி மறைந்துவிடும்.

தமெயின் பட்டி நைந்தால் மாற்றிவிடுவதுதான் சரி. முடிந்தபின் நாலரை இன்ச் வேண்டுமானால் 10 இன்ச் அகலம் வெட்டுங்கள். நீளம் தமெயின் சுற்றளவோடு 1 இன்ச் கூடுதல். கறுப்புத் துணியை, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசியபின்தான் தைக்க வேண்டும். சாயம் இறங்கினால் தமெயினின் வண்ணமே கெட்டுப்போகும். பட்டியின் இரு முனையையும் அரை இன்ச்சில் சேர்த்து வளையமாக்கி, தமெயினின் மேல்விளிம்போடு நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க அரை இன்ச்சில் தைத்து, மேலே மடித்து உள்ளே செருகி விளிம்போரம் ஒரு தையல். ரங்கூன் தெய்ஞ்ஜி சந்தையில், நம் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்ற அதே சந்தையில், இதற்கான கறுப்புத் துணியைப் பார்த்து வாங்கலாம்.

அமரபுராவில் நெய்யும் லுந்தயா அச்சேய்க் பட்டுத் துணியை மட்டும் மெஷினில் வைக்காதீர்கள். லுந்தயா என்றால் நூறு நாடா, அதாவது தறியில் நூலைக் கொண்டுபோகும் ஓடம். அத்தனை நாடாவில் வண்ண நூல் மாற்றி மாற்றிக் கோத்த நெசவு, பின்பக்கத்து நூல் மெஷின் பல்லில் மாட்டினால் கோலமே கோணும். கை ஊசியும் பட்டு நூலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தைக்கும்போது அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்ட வேண்டாம், கோளாறு மேல்நூலில்தான். பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி கோத்துவிடுங்கள், நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே இறங்கவேண்டும். தையல் தாவினால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டியிருக்கும். நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் உள்ளே போக வேண்டும்.

கரண்ட் போகும் ஊரில் கால் மெஷினை விட்டுக்கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் தோல் பெல்ட் நீண்டு வழுக்கும். அரை இன்ச் வெட்டி கிளிப்பை மறுபடி மாட்டினால் சரியாகும். சமையல் எண்ணெய் மட்டும் விடக்கூடாது, அது பிசின்போல இறுகும். மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, பழைய துணியில் இரண்டு நிமிடம் ஓட்டித் துடைத்துவிடுங்கள். அப்படி விட்டால்தான் அடுத்த லோஞ்சியில் கறை விழாது.