நவம்பரில் வாய்க்கும் மிதமான வாரத்தைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி: அமெரிக்க வடகிழக்கில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நவம்பர் மாதம் பெரும்பாலும் சாம்பல் வானமும் ஈரக் குளிருமாகவே கழியும். பாஸ்டனில் இம்மாதத்தின் சராசரிப் பகல் உச்சம் ஏறத்தாழ 52 டிகிரி ஃபாரன்ஹீட். வடக்கே வெர்மான்ட், மெயின் பக்கம் அதைவிடக் குறைவு. இப்படிப்பட்ட மாதத்தில் சில ஆண்டுகளில் பகல் வெப்பம் 60-ஐத் தாண்டி ஐந்தாறு நாள் அப்படியே நிற்கும் வாரம் ஒன்று வாய்க்கிறது. ஒருமுறை பனி பொழிந்துவிட்டால் இனி அத்தகைய வாரம் வராது என்று எண்ண வேண்டியதில்லை. 2020 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில் 4.3 அங்குலம் பனி விழுந்தது. அடுத்த சில நாள்களிலேயே அதே நகரில் பகல் வெப்பம் 70-ஐத் தாண்டிய நாள்கள் வரிசையாக வந்தன. வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்காருவதும் அந்த வாரத்தின் நல்ல பயன்தான், அதில் ஐயமில்லை. ஆயினும் குளிர்காலத்துக்கு முன் வெளியில் முடிக்க வேண்டிய வேலைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு, ஏப்ரல் வரை மறுபடி கிடைக்காத நேரம் அது.

வேலைகளை எழுதி வரிசைப்படுத்துவதற்கு முன்பாக அந்த வாரம் எந்த நாளில் முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வானில் வெகு உயரத்தில் விரையும் ஜெட் காற்றோட்டம் வடக்கே கனடாப் பக்கம் வளைந்து உயரும்போது, கிழக்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடல் மீது உயர் அழுத்தப் பகுதி ஒன்று நிலைகொள்கிறது; அதன் மேற்கு ஓரத்தில் வீசும் தென்மேற்குக் காற்றுதான் தெற்கிலிருந்து வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த அமைப்பு மெல்ல நகர்வதால் மிதமான நாள்கள் நீள்கின்றன. ஆனால் முடிவு மெல்ல வருவதில்லை. பேரேரிகளின் பக்கத்திலிருந்து குளிர்முகப்பு ஒன்று, அதாவது முன்னேறிவரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, மழையோடு கடந்து செல்லும். காற்று வடமேற்குக்குத் திரும்பும். சில மணி நேரத்தில் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். எனவே முகப்பு வரும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்குவதே சரியான முறை.

தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் உங்கள் ஊரின் பெயரையோ அஞ்சல் எண்ணையோ கொடுத்தால் மணிவாரி வரைபடம் கிடைக்கும். அதில் பகல் உச்சத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. மேகமற்ற, காற்றில்லாத நவம்பர் இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். பகலில் 64 டிகிரி இருந்த பள்ளத்தாக்கில் விடியற்காலையில் 31 டிகிரியும் உறைபனியும் இருப்பது இங்கே வழக்கமே. ஆகவே இரவுக் குறைவெப்பம், பனிப்புள்ளி, காற்று ஆகிய மூன்று கோடுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலையே பனிப்புள்ளி. வெளி வேலை செய்பவருக்குப் பகல் உச்சத்தைவிட இந்த எண்ணே பல நேரங்களில் முக்கியமானது.

ஏன் என்பதை ஜன்னல் சட்டங்களைச் சுற்றி கால்க் என்னும் இடுக்கடைக்கும் பசையை அடைக்கும்போதும் மரப்பலகைகளுக்கு வண்ணம் பூசும்போதும் உணரலாம். நவம்பர் நடுவில் பாஸ்டனில் நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து 29 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குச் செல்வதால், நடு மாதத்தில் மாலை 4.20 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காலையில் பலகைகளின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பத்து மணிக்குக்கூட விரல் நனையும். வடக்குப் பார்த்த சுவராக இருந்தால் நண்பகலிலும் அந்த ஈரம் போயிருக்காது. மாலை நான்கு மணிக்கு மேல் சுவர் காற்றைவிட முந்திக் குளிர்ந்து, மறுபடி ஈரம் படியத் தொடங்கும். ஆக, உலர்ந்த பரப்பில் வேலை செய்ய உங்களுக்குக் கிடைப்பது முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு, இரண்டரை வரையிலான நேரம் மட்டுமே. சுவரின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 5 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது வண்ணம் பூசுபவர்கள் பின்பற்றும் விதி.

கால்க் வேலைக்கு இந்த நேரம் போதும். நீர் கலந்த லேடெக்ஸ் கால்க் 40 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றும் உறைநிலைக்குப் போகக் கூடாது என்றும் குழாயிலேயே அச்சிட்டிருக்கும். சிலிக்கோன் அதைவிடக் குளிரையும் தாங்கும். வண்ணம் பூசுவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. பொதுவான லேடெக்ஸ் வண்ணங்களுக்கு 50 டிகிரி தேவை, 35 வரை தாங்கும் வகைகளும் கடைகளில் உள்ளன. ஆனால் அந்தக் கணக்கு தூரிகை தொடும் நேரத்துக்கு மட்டுமன்று, பூசிய பின் வரும் இரவுக்கும் பொருந்தும். முழுச் சுவரையோ மரத்தளத்தையோ நவம்பரில் தொடங்குவது வீண் துணிச்சல். நீர் புகக்கூடிய வெடிப்புகளை அடைத்து, வெறும் மரம் தெரியும் இடங்களில் மட்டும் முதல் பூச்சு கொடுத்துவிட்டு, மற்றதை மே மாதத்துக்கு விடுவதே நல்லது.

கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் கட்டரைச் சுத்தம் செய்வதில் அவசரப்பட வேண்டாம். மேப்பிள் இலைகள் எப்போதோ கொட்டிவிட்டிருக்கும். ஓக் மரங்கள் நவம்பர் கடைசி வரை இலைகளைப் பிடித்துவைத்திருக்கும். வாரத் தொடக்கத்தில் சுத்தம் செய்த கட்டரை முகப்போடு வரும் காற்று ஒரே இரவில் நிரப்பிவிடும். வீட்டைச் சுற்றி ஓக் இருந்தால் இவ்வேலையை வாரத்தின் பிற்பகுதிக்கு ஒதுக்கி, முகப்பு கடந்தபின் கீழிறங்கும் குழாய்களின் வாயை மட்டும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஏணியின் கால்கள் ஊன்றும் மண் உறையாமல் இளகியிருக்கும் என்பதால் அடியில் ஒரு பலகையைப் போட்டு, கீழே ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். அடைபட்ட கட்டரில் தேங்கும் நீர் ஜனவரியில் பனிக்கட்டியாகிக் கூரை ஓரத்தில் பாரமாகத் தொங்கும்.

கீழே விழுந்த இலைகளை வாரிக் கட்டுவதைவிட, உலர்ந்த பிற்பகலில் புல்வெட்டியை அவற்றின் மேல் இரண்டு முறை ஓட்டிப் பொடியாக்கிப் புல்லுக்கே உரமாக விடுவது எளிது. எரிப்பது மட்டும் கூடாது. மாசசூசெட்ஸில் திறந்தவெளியில் எரிக்க அனுமதி பெறக்கூடிய பருவம் ஜனவரி 15 முதல் மே 1 வரையே. அப்போதும் இலைகளை எரிக்க அனுமதி இல்லை. மிதமான வாரம் மழையில்லாமல் நீளும்போது சருகு எவ்வளவு எளிதில் பற்றும் என்பதை 2024 நவம்பர் காட்டியது: நியூ யார்க், நியூ ஜெர்சி எல்லையில் ஜென்னிங்ஸ் க்ரீக் தீ 5,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, நியூ யார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்கு நடுவே உள்ள பிராஸ்பெக்ட் பூங்காவிலும் தீப்பிடித்தது. தேசிய வானிலைச் சேவை தீ எளிதில் பரவும் நாள் என்று சிவப்புக் கொடி எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் பார்பிக்யூ அடுப்பையும் மூடியே வைக்க வேண்டும்.

இலைக் குவியலில் கை வைப்பவர்கள் உண்ணிகளை மறந்துவிடுகிறார்கள். கோடை முடிந்ததும் அவை ஒழிந்துவிட்டன என்ற எண்ணம் தவறு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் அக்டோபரிலும் நவம்பரிலும்தான் மும்முரமாக இரை தேடுகிறது. 40 டிகிரிக்கு மேல் போகும் எந்த நாளும் அதற்குப் போதும். அந்த நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊரே கனெடிகட்டில், இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வேலை செய்யுங்கள். வீட்டுக்குள் வந்ததும் உடுப்புகளைத் துவைப்பதற்கு முன்பே உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் பத்து நிமிடம் சுழல விடுங்கள்; உண்ணியைக் கொல்வது நீரைவிட உலர் வெப்பமே. முழங்காலின் பின்புறம், அக்குள், குழந்தைகளின் காதோரத் தலைமுடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுத்துவிட வேண்டும். நோய்க்கிருமி உடலில் ஏறப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அன்றைய மாலையே தேடுவதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

தோட்டத்தில் இவ்வாரம் மண்ணை நம்பிச் செய்ய வேண்டியவை சில, செய்யாமல் விட வேண்டியவை சில. பூண்டு நட இன்னும் காலம் கடக்கவில்லை. பற்களைப் பிரித்து, கூர்முனை மேலே இருக்குமாறு, 2 அங்குல ஆழத்தில், 6 அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். ட்யூலிப் கிழங்குகளையும் 6 முதல் 8 அங்குல ஆழத்தில் புதைக்கலாம். ரோடோடெண்ட்ரான் போன்ற பசுமை மாறாச் செடிகளுக்கு வேரடி நனைய நீர் விடுங்கள். உறைந்த மண்ணிலிருந்து அவற்றால் நீரை எடுக்க இயலாது, ஆனால் குளிர்காலக் காற்று இலைகளை உலர்த்திக்கொண்டே இருக்கும். கத்தரிப்பதும் உரமிடுவதும் இப்போது வேண்டாம். வெப்பத்தில் ஏமாந்து ஃபோர்சித்தியா சில ஆண்டுகளில் நவம்பரிலேயே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூப்பதுண்டு. அச்செடியை மேலும் தூண்டிவிட்டால் வரும் இளந்தளிர் முதல் கடுங்குளிரிலேயே கருகிவிடும்.

நம் வீடுகளில் ஒரு சபலம் எழும்: செப்டம்பர் இறுதியிலேயே உள்ளே கொண்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டியை இந்த வெயிலில் வெளியே வைத்தால் என்ன? வைக்கலாம், நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம். 50 டிகிரிக்குக் கீழே போகும் முன் உள்ளே வந்துவிட வேண்டும். ஒரே இரவு வெளியில் மறந்து விட்டாலும் இலை முழுவதும் கொட்டிவிடும். வெயிலைவிட, இலைகளின் அடிப்பக்கத்தையும் தண்டையும் வெளிச்சத்தில் பார்த்து, பழுப்பு நிறத்தில் அப்பியிருக்கும் செதில் பூச்சிகளை ஈரத்துணியால் துடைக்கக் கிடைத்த சந்தர்ப்பமாக அதைக் கொள்வது மேல்.

வீட்டுக்குள் முடிக்க வேண்டியது குறைவு. வெப்பமூட்டியை ஒரு முறை முழுதாக ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். பழுது இருந்தால் ஆள் வந்து பார்க்கும் வரை வீடு தாங்கும் வாரம் இது. தெற்குச் சுவரில் வெயில் காயும் நாற்றப் பூச்சிகளும் பொறிவண்டுகளும் எந்த இடுக்கில் நுழைகின்றன என்று கவனித்தால், கால்க் குழாயை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை அவையே காட்டிவிடும். காருக்குக் குளிர்கால டயர் மாட்டுவதற்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். 45 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், முதல் பனிப்பொழிவுக்குப் பிறகு கடைகளில் இடம் கிடைக்காது.

மலையேறப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஊரின் வெப்பநிலையை வைத்து மலையை அளக்காதீர்கள். பொதுவாக ஆயிரம் அடிக்கு மூன்று, மூன்றரை டிகிரி குறையும். நியூ ஹாம்ஷயரில் 6,288 அடி உயரமுள்ள வாஷிங்டன் மலையின் உச்சியில் உங்கள் மிதமான வாரம் நடப்பதே தெரியாமல் இருக்கலாம். நிழல் விழும் பாதைகளில் பனிக்கட்டி ஏற்கெனவே படிந்திருக்கும். தலைவிளக்கு கட்டாயம். மான் வேட்டைப் பருவம் என்பதால் பளிச்சென்ற ஆரஞ்சு மேற்சட்டையும் வேண்டும்.

தோட்டக் குழாயைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செடிகளுக்கு நீர் விடுவது, கார் கழுவுவது, கட்டரை அலசுவது எல்லாம் முடிந்த பின், முகப்பு வரும் நாளின் பிற்பகலில் ஹோஸைக் கழற்றி, சரிவான தரையில் ஒரு முனையிலிருந்து தூக்கிக்கொண்டே நடந்து நீரை வடித்துச் சுருட்டுங்கள். பிறகு நிலவறையில் அக்குழாய்க்கான வால்வை மூடி, வெளிக் குழாயைத் திறந்து, உள்ளே வால்வின் பக்கவாட்டில் உள்ள சிறு மூடியையும் தளர்த்தி, மிச்சமுள்ள நீர் வாளியில் சொட்டி முடியும் வரை நிற்க வேண்டும். 30 டிகிரி இரவு ஒன்றிரண்டால் குழாய் வெடிப்பதில்லை. ஆபத்து ஏறத்தாழ 20 டிகிரியில் தொடங்குகிறது. உறையாத குழாய் என்று விற்கப்படும் வகைக்கும் ஹோஸ் மாட்டியபடியே இருந்தால் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் நீர் வடிய வழியின்றி உள்ளேயே தங்கி உறைந்துவிடும்.

அன்று மாலைக்குள் நாற்காலிகளையும் குப்பைத் தொட்டிகளையும் காற்றுப்படாத இடத்துக்கு மாற்றி, வாசற்படியிலும் வண்டிப் பாதையிலும் ஒட்டிக் கிடக்கும் இலைகளைப் பெருக்கிவிடுங்கள். இரவில் மழை நின்று வெப்பநிலை இறங்கும்போது நனைந்த இலை தரையோடு சேர்ந்து உறைந்து, மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புபவரின் காலை வாரிவிடும். உப்பு மூட்டையைக் கதவோரத்தில் வைத்துவிட்டுப் படுப்பது நல்லது.