பார்வைக்குறி இல்லாமல் ரிகர்வ் வில்: தொடங்குவோருக்கு

நுனிகள் எய்பவரை விட்டு எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும் வில்தான் ரிகர்வ். அதில் பார்வைக்குறி, ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர், முழுதாக இழுத்ததும் ஒலியெழுப்பும் கிளிக்கர் எதையும் பூட்டாமல், கைப்பிடிக்குச் சற்று மேலே உள்ள ஷெல்ஃப் என்ற திட்டில் அம்பை வைத்து எய்வது மரபு முறை. கருவி குறைவு என்பதால் செலவும் குறைவு. ஆனால் தவறை மறைத்துக்கொள்ளவும் இடமில்லை.

வில்லும் பவுண்டும்

புதிதாக வருபவர்கள் செய்யும் பிழைகளில் பாதி, முதல் அம்பு எய்வதற்கு முன்பே, வில் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. பவுண்டு என்பது நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை. 40 பவுண்டு வில்லை ஒருமுறை இழுத்துப் பார்த்து "முடிகிறதே" என்று வாங்கிவிடுவார்கள். ஒருமுறை இழுப்பது வேறு, அறுபது முறை ஒரே மாதிரி இழுப்பது வேறு. பெரியவர்களுக்கே 20 முதல் 25 பவுண்டு போதும். இழுக்கும்போது வில்லை வானத்தை நோக்கித் தூக்க வேண்டியிருந்தாலோ, முழுதாக இழுத்தபின் கை நடுங்கினாலோ அது உங்களுக்குக் கனமான வில்.

கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியான லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறக்குறைய வந்துவிடும். 26 அங்குலம் என்றால் 25 பவுண்டு வில் உங்கள் கையில் 21, 22 பவுண்டாகத்தான் இருக்கும். 27 அங்குலம் வரை இழுப்பவருக்கு 62 அங்குல வில் பொருந்தும், அதற்கு மேல் 64 அல்லது 66. மிகக் குட்டையான வில்லில் நாண் விரல்களை நெருக்கிக் கிள்ளும். லிம்பைக் கழற்றி மாற்றக்கூடிய டேக்டவுன் வகையை வாங்கினால், பின்னாளில் லிம்பை மட்டும் மாற்றிப் பவுண்டை ஏற்றலாம். ஒரே தாவலில் 5 பவுண்டுக்கு மேல் ஏறாதீர்கள்.

எந்தக் கையில் வில் என்பதைக் கண் தீர்மானிக்கட்டும். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சிறு ஓட்டை அமைத்து, கையை நீட்டி, அதன் வழியே தூரத்துப் பொருளொன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண் மட்டும் திறந்திருக்கையில் பொருள் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கண் என்றால் வில் இடக்கையில்.

அம்பு

வில்லில் தாராளமாக இருங்கள், அம்பில் கறாராக இருங்கள். ஷெல்ஃபில் உரசிப் போவதால், அம்பின் வாலில் வேன் எனப்படும் பிளாஸ்டிக் இறகு கூடாது, உண்மையான இறகுதான் வேண்டும். இறகு படிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் முட்டி அம்பை எற்றிவிடும். அடுத்தது ஸ்பைன், அதாவது அம்புத்தண்டு எவ்வளவு வளைகிறது என்ற அளவு. நாணை விட்டதும் அம்பு நெளிந்துதான் வில்லைச் சுற்றிக் கடக்கிறது. கார்பன் அம்பில் ஸ்பைன் எண் கூடக்கூட நெகிழ்வும் கூடும். 20 முதல் 25 பவுண்டு வில்லுக்கு 800 முதல் 1000 வரை உள்ளது சரியாக வரும். நீளம், இழுப்பு நீளத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அம்பின் எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 கிரெயினுக்குக் (அம்பை எடைபோடும் சிறு அலகு) கீழே போகக் கூடாது. மிக இலேசான அம்பு, வெறும் நாணை இழுத்துவிடுவதைப் போல லிம்பை அடித்து நொறுக்கும்.

நாணேற்றுதல்

வில்லை வளைத்துப் பிடிக்க உதவும் ஸ்டிரிங்கர் கயிறு இல்லாமல் நாணேற்றாதீர்கள். காலிடையே வில்லை மாட்டி வளைக்கும் பழைய பழக்கம் லிம்பை முறுக்கிவிடும். நாணின் பெரிய கண்ணியை மேல் லிம்பில் தளர்வாகக் கோத்து, சிறியதைக் கீழ் நுனிப் பள்ளத்தில் மாட்டுங்கள். ஸ்டிரிங்கரை இரு நுனியிலும் பொருத்தி, கயிற்றை மிதித்தபடி கைப்பிடியை மேலே தூக்கினால் லிம்ப் வளையும். பெரிய கண்ணியை மேல் பள்ளத்துக்குள் தள்ளி, இரண்டு பள்ளத்தையும் பார்த்த பிறகே தளர்த்துங்கள்.

கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் 62 அங்குல வில்லுக்குப் பெரும்பாலும் 7.5 முதல் 8.25 அங்குலம். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. குறைந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றுங்கள். அம்பு பூட்டும் குறியை ஷெல்ஃபுக்குச் செங்கோணத்திலிருந்து அரை அங்குலம் மேலே கட்டுங்கள். தாழ்ந்துவிட்டால் அம்பின் வால் ஷெல்ஃபில் மோதிக் குதிக்கும்.

எய்தல்

இலக்குக்குப் பக்கவாட்டில், தோளகலத்துக்குக் காலை ஊன்றி நில்லுங்கள். நிறம் மாறிய இறகு வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்க அம்பைப் பூட்டுங்கள். சுட்டுவிரல் அம்புக்கு மேலே, மற்ற இரண்டும் கீழே, முதல் கணுவில் நாண். விரலுக்கு டேப் (tab, விரல்களை மூடும் தோல் துண்டு) அல்லது கையுறை, முன்கைக்குக் காப்பு, இரண்டும் கட்டாயம். வில்லைப் பற்ற வேண்டாம். பெருவிரலடித் தசையில் அது சாய்ந்திருந்தால் போதும். கையால் அல்ல, தோள்பட்டை எலும்பைப் பின்னால் நகர்த்தி இழுங்கள். சுட்டுவிரல் கடைவாயைத் தொடும் இடம்தான் ஆங்கர். அது ஒவ்வொரு முறையும் அதே இடமாக இல்லையென்றால் குறிபார்ப்பதில் பொருளே இல்லை. இரண்டு நொடி நின்று, விரல்களைத் தளரவிடுங்கள். அம்பு தைக்கும் வரை வில் கை அசையக் கூடாது.

முதல் இரண்டு வாரம் மூன்று, நான்கு மீட்டரிலிருந்து, தாள் ஒட்டாத வெற்று வைக்கோல் கட்டிலோ ஃபோம் பலகையிலோ எய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைத் தாண்டிப்போனவர்கள் பலரும் திரும்பி வந்து இதையே செய்கிறார்கள். பிறகு 10 மீட்டர். அந்தத் தூரத்தில் அம்புமுனை காட்டும் இடத்துக்கு மேலேதான் தைக்கும். அந்த இடைவெளியை மனத்தில் பதித்து, அவ்வளவு தாழ்த்திப் பிடியுங்கள். தூரம் மாறினால் இடைவெளியும் மாறும்.

எங்கே பிசகுகிறது

அம்பு ஷெல்ஃபிலிருந்து விலகி விழுந்தால் நாண் விரல்கள் சுருண்டு நாணைத் திருகுகின்றன. நாண் முன்கையில் அறைந்தால், வில் கையின் முழங்கை மடிப்பு மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறினால் ஆங்கர் மாறுகிறது. எய்ததும் எட்டிப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கீழே போகும். எல்லாம் நெருக்கமாக, ஆனால் ஒரே பக்கமாகத் தைத்தால்தான் ஸ்பைனைச் சந்தேகிக்கலாம். வலக்கையால் இழுப்பவருக்கு இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் போனால் நெகிழ்வு. நெருக்கமாக விழாதவரை அம்பை மாற்றிப் பயனில்லை.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்போடு போக வேண்டிய விசை லிம்பிலேயே இறங்கி அதை உடைக்கும். இலக்குக்குப் பின்னால் தடுப்பு இருக்கட்டும், எல்லோரும் எய்து முடித்த பிறகே முன்னே செல்லுங்கள். அம்பைப் பிடுங்கும்போது ஒரு கை இலக்கை அழுத்தியிருக்க வேண்டும், நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கார்பன் அம்பு எதிலாவது மோதினால் இலேசாக வளைத்துக் காதருகே வையுங்கள். சடசடத்தால் எறிந்துவிடுங்கள்.

முடித்ததும் நாணைக் கழற்றி, இழை சிலிர்த்திருந்தால் மெழுகு தேயுங்கள். வில்லை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். சூட்டில் பசை இளகி லிம்பின் அடுக்குகள் பிரியும். அப்படிப் பிரிந்த லிம்பை ஒட்டிப் பயன்படுத்தவும் கூடாது.