கம்பளி கொடுத்த பிறகு: சமூக நீதிப் பணியில் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிசம்பர் மாதம் ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையார் கம்பளி கொடுத்துக்கொண்டிருந்தோம். சேலத்தில் வேன் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, கேக், கம்பளி, நோட்டு எல்லாம் இறக்கியாயிற்று. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வரிசையில் வந்த ஓர் அம்மா கம்பளியை வாங்கி, சொன்ன இடத்தில் நின்று, போட்டோ எடுக்கும்வரை அசையாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கம்பளி போன வருசமும் குடுத்தீங்க, நல்லாத்தானுங்க இருக்குது. பையனுக்குச் சாதிச் சான்றுதான் இன்னும் வரலீங்க. ஆபீசுக்கு யாராச்சும் கூட வருவீங்களா?"

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஜெபிக்கிறோம் என்று சொன்னோம். மனதார ஜெபிக்கவும் செய்தோம். ஆனால் அவர் கேட்டது கூட வர ஓர் ஆள். வேனில் இருபத்திரண்டு பேர் போயிருந்தோம்.

அன்று தொடங்கி கமிட்டியில் பேசியதும், செய்து பார்த்துத் தவறியதும், அக்கம்பக்கத்துச் சபைகளில் பார்த்ததும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சபைகளுக்கு மனமில்லை என்று நான் சொல்லமாட்டேன். லண்டன் மிஷனரிகள் 1827-ல் சேலத்துக்கு வந்தார்கள். வருகிற 2027-ல் இருநூறு ஆண்டு ஆகிறது. பள்ளிக்கூடம், மருத்துவம், விடுதி என்று இந்த ஊருக்குச் சபைகள் செய்தது கொஞ்சமில்லை. பொருளை எடுத்துக்கொண்டு மக்களிடம் போகிறோம். மக்களோடு சேர்ந்து, முடிவெடுக்கிற இடத்துக்குப் போவதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கொடுத்ததோடு நின்றுவிடுவது

அந்த அம்மாவின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டுதான். ஏற்காடு அதில் ஒன்று, சேந்தமங்கலம் இன்னொன்று. இவ்வளவு இருந்தும் ஒரு பையனுக்கு அந்தச் சான்று கையில் கிடைக்காவிட்டால் கல்லூரி இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம்தான் தரும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று விசாரணை ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். ஒரு தாளில் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தாலும் மனு அங்கேயே நின்றுவிடும். கூலி வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வருகிறவர் எத்தனை தடவை வருவார்?

எங்கள் சபையில் வருவாய்த் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். இருபது வருடமாக ஞாயிறுதோறும் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர். அவரிடம் காணிக்கை எண்ணும் வேலை கொடுத்திருந்தோமே தவிர, இந்த வேலையைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் சபையிலும் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், நர்ஸ், வக்கீல் குமாஸ்தா, வங்கி ஊழியர் இல்லாமல் இருக்காது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும். மனு எழுதவும், ஆவணங்களைச் சரிபார்க்கவும், ஆபீசுக்குக் கூடப் போகவும் அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

கம்பளியை நிறுத்தச் சொல்லவில்லை. ஏற்காட்டு மார்கழிக் குளிர் என்னவென்று எனக்குத் தெரியும். கம்பளி கொடுங்கள், போட்டோ மட்டும் வேண்டாம்.

அரைகுறையாகச் சட்டம் பேசுவது

"ஞானஸ்நானம் எடுத்தால் சலுகை எல்லாம் போய்விடும்" என்று மலையில் சில குடும்பங்கள் பயந்திருந்தார்கள். அதைச் சொன்னது வெளியாள்கூட இல்லை, சபைக்காரர்களே. இது தவறு. பழங்குடியினர் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் பட்டியலில் இருக்கலாம். மதத்தை வைத்து விலக்குவது பட்டியல் சாதியினர் விஷயத்தில்தான். 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆலோசனை சொன்னால் ஒரு பிள்ளையின் படிப்பே கெட்டுப்போகும். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவர்களை விட்டுவிட்டு அவர்களுக்காகப் பேசுவது

சபையின் லெட்டர்பேடில் அழகாக ஒரு மனு. கீழே ஆயர், செயலாளர், பொருளாளர் கையெழுத்து. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையில் நான்கு பேர் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். யாருடைய தெருவில் தண்ணீர் வரவில்லையோ அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. நாங்களும் இப்படிச் செய்திருக்கிறோம். அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது?" நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மனு அந்தத் தெருக்காரர்கள் பெயரிலேயே இருக்கட்டும். எழுத உதவுங்கள், பஸ்ஸில் கூடப் போங்கள், உள்ளே போனதும் பின்னால் நில்லுங்கள். மனு எண் போட்ட ரசீதை அவர்கள் கையில் வாங்கிக் கொடுங்கள். அடுத்த தடவை அவர்களே போவார்கள். அதற்காகத்தானே கூடப் போகிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனுவோடு கைப்பிரதியும் கொடுப்பது, சான்று வாங்கித் தந்த வீட்டுக்காரரை அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரச் சொல்வது, இவை வேண்டாம். மலைக்காரர்கள் சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையே திரண்டு நிற்கும். அவர்களுக்கு நாம் செய்யும் உதவிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று ஒருமுறை தோன்றிவிட்டால் பிறகு நம் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது. இயேசு சொன்ன கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன், அவனிடம் எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை.

ஒரே நாளில் முடித்துவிடுவது

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்தின் நடுவே ஓடுகிற ஆறு. நகருக்குள் அதன் நிலைமையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். எங்கள் சபை இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியம் ஒருநாள் கையுறை மாட்டிக்கொண்டு கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியது. நல்ல காரியம்தான். சாக்கடை எங்கிருந்து ஆற்றில் விழுகிறது, சாயக்கழிவை யார் விடுகிறார்கள், சுத்திகரிப்புக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பிளாஸ்டிக் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஒரு வாலிபர் கூட்டத்தில் பாட்டுப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி இருந்தால் இதை எல்லாரும் எழுதக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளவேண்டியது பொறுமையும்தான். லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்லும் கதையில், நியாயம் கேட்ட விதவை நியாயாதிபதியிடம் எத்தனை தடவை போனாள் என்று கணக்கு இல்லை. அவன் அலுத்துப்போகும்வரை போனாள். நாம் ஒரு மனு கொடுத்துவிட்டு, அரசாங்கம் ஒன்றும் செய்யாது என்று திரும்பிவிடுகிறோம்.

பிரசங்க பீடத்தில் ஓட்டுக் கேட்பது

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் ஆராதனைக்கு வருவார். முன்வரிசையில் நாற்காலி போடுவோம், சால்வை போர்த்துவோம், "இரண்டு நிமிடம் வாழ்த்துச் சொல்லட்டும்" என்போம். வாழ்த்து எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை. வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. அதில் முதலில் மாட்டுவது அந்த வழிபாட்டு இடத்தை நிர்வகிக்கிறவர்கள்.

சட்டத்தை விடுங்கள். ஒரு சபையில் எல்லாக் கட்சிக்காரரும் இருப்பார்கள். ஆயர் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்து வீட்டில் மரணம் நடக்கும்போது அவரால் மனம்விட்டு ஆறுதல் சொல்ல முடியாது.

வாக்காளர் பட்டியலில் எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை. படிவம் 6 புதிதாகச் சேர, படிவம் 8 திருத்தவும் முகவரி மாற்றவும். 18 வயது நிறைவுக்கு இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று வருடத்துக்கு நான்கு கணக்குத் தேதிகள் இருக்கின்றன. சபையில் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவிடலாம்.

நம் வளாகத்துக்குள் பார்க்காமல் இருப்பது

எழுதவே கஷ்டமாக இருக்கிற பகுதி இதுதான்.

ஒரு வருடம் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டங்களுக்கு முன்னால் எங்கள் வளாகத்து செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி வந்தது. அடியில் தங்கிய சகதியை ஹோஸ் இழுக்கவில்லை. லாரியோடு வந்த பையன் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடிப்பக்கம் குனிந்தான். மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். கமிட்டி ஆட்கள் நாங்கள் ஐந்து பேர் பத்தடி தள்ளி நின்று சாப்பாட்டு டோக்கன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் இறங்கப்போகிறான் என்பது எங்கள் கண்ணில் பட்டது. மனதில் படவில்லை. மலக்குழிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்துபோகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருடக் கன்வென்ஷனின் தலைப்பு நீதி.

தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு மாதம் என்ன சம்பளம் என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டுப்பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்று சாதி பார்த்துப் புதைக்கிற வழக்கம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ஆகஸ்ட் 10-ல் கறுப்புக் கொடி பிடிக்கிறோம், அது நியாயமான கோரிக்கை. அதே கையால் கல்லறையில் கோடு போட்டால், டெல்லியில் யார் நம் பேச்சைக் கேட்பார்கள்?

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. ஞாயிறு பள்ளியிலோ விடுதியிலோ ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால், "குடும்ப மானம், சபை மானம்" என்று உட்கார்ந்து பேசித் தீர்ப்பது கூடவே கூடாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஞாயிறு பள்ளிச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

ஊர் கூடும் நாளில் நாம் வேறெங்கோ இருப்பது

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சபை நாட்காட்டியை எடுத்து இந்த ஆறு தேதிகளையும் பாருங்கள். மே 1-ம் நவம்பர் 1-ம் மாதத்தின் முதல் நாள், காலையில் அந்த மாதத்துக்கான வேத வசனம் சொல்லும் வாக்குத்தத்த ஆராதனை. நவம்பர் 1 என்றால் மறுநாள் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். குடியரசு தினமும் சுதந்திர தினமும் காந்தி ஜெயந்தியும் அரசு விடுமுறை, அதனால் ஒருநாள் உபவாசக் கூட்டம், இல்லையென்றால் வாலிபர் முகாம். சேலத்தைச் சுற்றி ஊராட்சிகளில் ஓட்டு உள்ள சபையார் எத்தனை பேர்! அத்தனை பேரையும் ஊர் கூடுகிற நாளில் நாமே கூப்பிட்டு நான்கு சுவருக்குள் உட்கார வைத்துவிடுகிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒலிமுகவாசலில் நியாயத்தை நிலைநிறுத்தச் சொல்கிறார் வேதாகமத்துத் தீர்க்கதரிசி ஆமோஸ். ஒலிமுகவாசல் என்பது அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்த்த இடம். இன்றைக்கு அது ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் போட்ட ஷாமியானா. வரவு செலவு வாசிப்பதும், ஊரக வேலைத் திட்டக் கணக்குக் கேட்பதும், மலையில் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் அங்கேதான். போகிறவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிட வேண்டாம். நீங்கள் கேட்டது தீர்மானமாக எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

அந்தப் பையனின் சான்றிதழ் ஐந்தாவது நடையில் கிடைத்தது. மூன்றாவது பெஞ்சுக்காரர் நான்கு நடை கூடப் போனார், ஐந்தாவதற்கு அந்த அம்மாவே தனியாகப் போய் வாங்கி வந்தார். எங்கள் சபையில் இப்போது மே 1 வாக்குத்தத்த ஆராதனை காலை ஐந்தரை மணிக்கு. ஏழு மணிக்கெல்லாம் காப்பி குடித்துவிட்டு அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடலாம். கிராம சபை பதினொரு மணிக்கு.