ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: வீட்டாரிடம் எந்த நேரத்தைச் சொல்வது?

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகம் என்று வகுத்தால் பதினைந்தரை மணித்தியாலம் வரும். ஊருக்குப் புறப்படுபவர்கள் இந்தக் கணக்கை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம். அம்மா காலமான செய்தி வந்த நாளில் நான் அதைத்தான் சொன்னேன்.

நேரடி விமானம் கிடையாது. மாலை 6 மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு இரவு 10 மணிக்கு விமானம் ஏறினால், டோகா அல்லது துபாய்க்கு ஏறத்தாழ 13 மணித்தியாலம், அங்கே காத்திருப்பு மூன்று, கொழும்புக்கு நாலரை, கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொதிகளை எடுத்து வெளியேற ஒன்றரை, வான் வண்டியில் யாழ்ப்பாணத்துக்கு ஏழு என்று மொத்தம் 33 மணித்தியாலம் கழிகிறது. இலங்கை நேரம் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் முந்தியிருப்பதால், குளிர்காலத்தில் வெள்ளி மாலை வீட்டை விட்டவர் ஞாயிறு பிற்பகல் ஒன்றரைக்குத்தான் படியேறுவார்.

"தம்பி, ஆக்களுக்குச் சொல்ல வேணும், நேரத்தைச் சொல்லு" என்று பெரியப்பா தொலைபேசியில் வற்புறுத்தினார். நேர வித்தியாசத்தைக் கூட்ட மறந்து, சனி இரவு நிற்பேன் என்றேன். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன் என்பதால், அந்தச் சொல்லை நம்பி ஞாயிறு காலை 10 மணிக்கு எடுப்பதென்று தீர்மானித்தார்கள். விமானமோ பனி நீக்குவதற்காக இரண்டரை மணித்தியாலம் ஓடுபாதைக்கு அருகே நின்றது. இறக்கையில் பாய்ச்சிய செம்மஞ்சள் திரவம் யன்னல் கண்ணாடியில் வழிவதைப் பார்த்துக்கொண்டு, ஊரில் இப்போது எத்தனை மணி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலிவு என்பதற்காக இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருந்தேன். தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரே சீட்டாக இருந்தால், தவறிய இணைப்புக்கு மாற்று விமானம் ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனிச்சீட்டுகளுக்கு அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து, மீண்டும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டியிருந்ததில் எனது இரண்டாவது விமானம் போய்விட்டது. அடுத்த விமானம் 11 மணித்தியாலம் கழித்து, புதிய சீட்டில்.

திங்கள் அதிகாலை நான் வந்திறங்கியபோது முற்றத்தில் பந்தல் மட்டும் நின்றது. கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஞாயிறு மாலை 5 மணிவரை பார்த்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் அக்காவின் மகனைக் கொண்டு கொள்ளி வைத்திருந்தார்கள். எனக்குச் சாம்பல் அள்ளும் காடாத்துச் சடங்கு மட்டுமே கிடைத்தது.

ஆகவே வந்து சேரும் நாளையும் மணியையும் இலங்கை நேரத்தில் எழுதி, அதனுடன் அரை நாளைக் கூட்டி அனுப்புங்கள். கட்டுநாயக்கவில் வான் பேசிக்கொண்டு நிற்காமல், முதல் நாளே ஒழுங்குசெய்யுங்கள். இணைப்பு விமானம் தவறினால் அந்த நிமிடமே வீட்டுக்கு அழைத்து, காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவை அந்தப் பந்தலின் கீழே மாலைவரை காக்க வைத்தது அந்தச் சொல்தான்.